கூகுள் கிரிக்கெட்டா, க்வாப்பா?

இந்த இரண்டு விளையாட்டுகளுக்கும் காசு வேண்டாம், டவுன்லோடும் வேண்டாம். பிரவுசர் இருந்தால் போதும்.

2017 சாம்பியன்ஸ் டிராபி சமயத்தில் கூகுள் டூடுலாக (முகப்பில் லோகோ இருக்கும் இடத்தில் வரும் சிறப்புப் படமாக) வந்த கிரிக்கெட்டில் சில்வண்டு பேட் பிடிக்கும், நத்தை பந்து வீசும். நமக்கு வேலை ஒன்றுதான்: சரியான நேரத்தில் ஒரு தட்டு. மொபைலிலும் ஆடலாம். பஸ் வரும்வரை பொழுது போகும்.

க்வாப் (QWOP) வேறு ரகம். பென்னட் ஃபாடி 2008இல் உருவாக்கிய இதில் 100 மீட்டர் ஓட வேண்டும். க்யூ, டபிள்யூ விசைகள் தொடைகளை ஆட்டும். ஓ, பி கெண்டைக்கால்களை. யோசிக்காமல் நாம் செய்யும் காரியத்தை நான்கு விரல்களிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? வீரர் முதல் அடியிலேயே மல்லாந்து விழுவார். பின்பக்கம் சரிந்தால் தூரம் மைனஸில்கூடப் போகும்! ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, இழுத்து இழுத்தே முன்னேறுகிறவர்களும் உண்டு; ஆட்டம் அதையும் ஓட்டமாகவே ஏற்றுக்கொள்கிறது. அப்புறம் பாதி வழியில் தாண்டுவதற்குத் தடை ஒன்று வேறு நிற்கும். யார் கேட்டார்கள்?

ஐந்து நிமிட ஓய்வுக்குக் கிரிக்கெட் சரி. நாலு பேர் சுற்றி நின்று சிரிக்க வேண்டுமென்றால் என் ஓட்டு க்வாப்புக்குத்தான். ஆனால் கீபோர்டு உள்ள கம்ப்யூட்டரில் ஆடுங்கள்.