குரோமியம் ஏறிய வயலுக்கு எந்தப் பாக்டீரியா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கழிவுநீர் பாய்ந்த நிலங்களில் குரோமியத்தோடு உப்பும் சேர்ந்தே கிடக்கிறது. அந்த வயலில் போட நாம் கடையில் வாங்கும் பாக்டீரியா இரண்டையும் தாங்க வேண்டும். எந்த நுண்ணுயிரும் உலோகத்தை அழிக்காது. வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும். குரோமியம் மண்ணில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரோடு ஓடி வேருக்குள் புகும். மூன்று இணைதிறனாகிவிட்டால் பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும்.

சூடோமோனாஸ் ப்ளோரசன்ஸின் பலம், அது சுரக்கும், இரும்பைப் பிடித்துவரும் சிடரோபோர் என்ற பொருள். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், உலோகம் இரும்பைத் தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். அங்கே இது கைகொடுக்கும். அழுத்தத்தில் வேர் சுரக்கும் எத்திலீனைக் குறைக்கும் நொதியும் பல ரகங்களில் உண்டு. ஆனால் இதற்கு வித்து (கடினமான உறைக்குள் உறங்கும் நிலை, ஸ்போர்) கிடையாது. இதை டால்க் தூளில் கலந்து விற்பார்கள்; அந்தத் தூளைத் தயாரித்த நான்கு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், வெயிலில் வைத்தால் அதற்கு முன்பே செத்துவிடும்.

பேசில்லஸ் சப்டிலிஸ் வித்தாக உறங்கி வறட்சியையும் உப்பையும் கடந்துவிடும். பிசுபிசுப்பான உறை சுரந்து உலோகத்தைத் தன்மீதே ஒட்டவைக்கும். குரோமியத்தை ஒடுக்கும், அதாவது ஆறு இணைதிறனை மூன்றாக்கும் ரகங்களும் இதில் உண்டு. பாலாற்றுப் படுகை மண்ணுக்கு நான் முதலில் கைவைப்பது இதில்தான்.

பாஸ்போபாக்டீரியாவை யோசித்துத்தான் போட வேண்டும். மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைக்க அது விடும் அமிலம், மண்ணில் காட்மியம் போன்ற நச்சு உலோகம் இருந்தால் அதையும் கரைத்துவிடக்கூடும். உலோகத்தை உறிஞ்சி அகற்றவென்றே வளர்க்கும் செடிக்கு அது நல்லது. கீரைக்கும் நெல்லுக்கும் ஆபத்து.

போடும் முறை சூடோமோனாஸுக்கும் பேசில்லஸுக்கும் ஒன்றே: ஏக்கருக்கு 1 கிலோ தூள், 20 கிலோ மக்கிய தொழு உரம். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, தட்டினால் உதிரும் ஈரத்தில் கலந்து, நிழலில் வைத்து, மாலையில் ஈர மண்ணில் தூவ வேண்டும். சூடோமோனாஸில் விதை நேர்த்தி என்றால் கிலோ விதைக்கு 10 கிராம். தொழு உரத்தைக் குறைத்துவிடாதீர்கள்: குரோமியத்தை ஒடுக்கத் தேவையான கரிமம் அதில்தான் இருக்கிறது, உரம் தனியாகவே கொஞ்சம் ஒடுக்கும்.

பலன் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், தாமிரப் பூஞ்சணக்கொல்லியைக் கூடவே கலப்பது, குளோரின் கலந்த தண்ணீரில் கரைப்பது, காய்ந்த மண்ணில் தூவுவது. வயல் அடிக்கடி காய்ந்தால் மாங்கனீசு ஆக்சைடு படிந்த குரோமியத்தைத் திரும்ப ஆறு இணைதிறனாக்கிவிடும். அதனால் மண் பரிசோதனையில் மொத்தக் குரோமியத்தோடு ஆறு இணைதிறனையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், போடுவதற்கு முன்பும் அறுவடைக்குப் பிறகும்.