40 ரூபாய்ப் படிகாரக் கட்டி

காரைக்குடியில் நான் வழக்கமாகச் செல்லும் நாட்டு மருந்துக் கடையில் சென்ற சித்திரையில் 40 ரூபாய் கொடுத்து வாங்கிய படிகாரக் கட்டியைப் பற்றிய மதிப்புரை இது. என்னிடம் ஏற்கெனவே ஒன்று உண்டு. இதை வாங்கியது, எங்கள் கணக்கு அலுவலகத்தில் பக்கத்து மேசையில் அமரும், என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் ஒருவருக்காக. கதவைச் சாத்தி ஏசி போட்ட சிறிய அறையில் அவருடைய அக்குள் வாடையை மதியத்துக்கு மேல் தாங்க முடிவதில்லை.

வாசனை ஸ்பிரே வாங்கித் தந்திருந்தால், சொல்ல வந்தது இன்னதென்று அக்கணமே அப்பட்டமாகத் தெரிந்திருக்கும். படிகாரமோ சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்ப்பது, வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவது. அதைக் கொடுப்பதில் யாருக்கும் இழுக்கில்லை என்றெண்ணி, காகிதத்தில் சுற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டேன். அவரோ ஊருணித் தண்ணீரைப் படிகாரத்தால் தெளியவைத்துக் குடித்த வீட்டில் வளர்ந்தவர். அன்று மாலையே அதை அலுவலகக் குடத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்து, "நல்ல காரியம் பண்ணுனீங்க தம்பி, தண்ணி கலங்கலாத்தான் வருது" என்று பாராட்டவும் செய்தார். என் ஜாடையின் லட்சணம் அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, மற்றவர்கள் கிளம்பிய பிறகு, நேராகவே சொன்னேன். 'எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்' என்ற சொல் மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். ஒரு மனிதரை அதைவிடக் கூசவைப்பது வேறில்லை. "அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது. மத்தியானத்துக்கு மேல உங்ககிட்ட வேர்வை வாடை தெரியுது. எனக்கும் இருந்துச்சு, இந்தக் கல்லுலதான் போச்சு" என்றேன். சற்று நேரம் பேரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ரொம்ப நாளாவா?" என்று மட்டும் கேட்டார். வெயில் ஏறியதிலிருந்துதான் என்று நான் சொன்னது முழு உண்மையன்று.

இனிக் கல்லுக்கு வருகிறேன். புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு நாற்றம் ஏறக்குறைய இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. படிகாரம், அதாவது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட், அந்தப் பாக்டீரியாக்களின் பெருக்கத்தை அடக்குகிறதே தவிர வியர்வையை நிறுத்திவிடுவதில்லை. ஆகவே சட்டை நனையத்தான் செய்யும். குளித்ததும் ஈரத் தோலில் தேய்த்தால் எனக்கு மாலைவரை தாங்குகிறது. ஆனால் நேற்றைய சட்டையையே இன்றும் அணிந்தால், அதிலும் பாலியெஸ்டராக இருந்தால், எந்தக் கல்லும் உதவாது. பருத்தியைவிட அந்தத் துணியில் வாடை தங்கிவிடும். அண்ணனிடம் இதையும் அன்றே சொல்லியிருக்கலாம். ஒரே மூச்சில் இரண்டு குறை சொல்ல மனம் வராமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

குறைகளும் உண்டு. உடைத்த கட்டியை அப்படியே தருவதால் விளிம்பு கூர்மையாக இருந்து தோலைக் கீறுகிறது. கடைக்காரர் சொன்னபடி நனைத்துத் தேய்த்து மழுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மூடியோ டப்பாவோ கிடையாது. ஆத்தங்குடிக் கல் பாவிய எங்கள் வீட்டுத் தரையில் கைதவறி விழுந்த என் பழைய கட்டி இரண்டாக உடைந்தது. மழித்த அக்குளில் உடனே தேய்த்தால் எரியும். மற்றபடி, நான்கு மாதத் தினசரிப் பயன்பாட்டில் கால்பங்குகூடக் கரையவில்லை என்கிறார் அண்ணன்.

அவருடைய கட்டி இப்போது அவர் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. அலுவலகக் குடத்துக்கென்று அவரே தனியாக இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறார்.