ஆக்சஸ் பாயின்ட்டோடு குடித்தனம்: கூரையில் மாட்டிய பிறகு தெரிந்தவை

ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். மூன்று தளக் கட்டடம் ஒன்றில், தளத்துக்கு ஒன்றாக மாட்டி, சில வருடங்களாக அவற்றோடு குடித்தனம் நடத்துகிறேன். அந்த வேகம் எவ்வளவு என்று கேட்டால் இப்போது பெட்டியைத் தேடி எடுத்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது, எந்தக் கேபிளில் ஓடுகிறது, மின்சாரம் எங்கிருந்து போகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இத்தனை நாளில் வந்த தொல்லையும் கிடைத்த நிம்மதியும் அந்த மூன்றிலிருந்துதான் வந்தன.

கீழ்த்தளத்தில் அலுவலகம், மேலே இரண்டு தளங்களிலும் வீடு. இணைய இணைப்பு கீழே ஒரு மூலையில் வந்து இறங்குகிறது. முன்பு அந்த மூலையில் ரவுட்டர், மாடிப்படி ஓரத்தில் அதன் வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் ஒரு ரிப்பீட்டர். ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டதையே திரும்பவும் சொல்ல வேண்டியிருப்பதால் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வேறு. போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. அந்தக் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள நிலையைத்தான் காட்டும். ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நடக்கிறதென்று அவை சொல்லாது. கேபிள் இழுத்து மாட்டுவது என்று முடிவானது இதனால்தான்.

டிரில்லை எடுப்பதற்கு முன் செய்த ஒரு வேலை எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. ஆக்சஸ் பாயின்ட்டை உயரமான ஏணியின் உச்சியில் கட்டி, தற்காலிகமாக மின்சாரம் கொடுத்து, போனில் சிக்னல் அளக்கும் ஆப்பை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். அளவு டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக வரும், சுழியை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம் அதிகம். மைனஸ் 50 என்றால் பிரமாதம். வீடியோ கால், குரல் அழைப்பு தடங்கலில்லாமல் ஓட மைனஸ் 67 வரை தாங்கும் என்பது வயர்லெஸ் வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 3 டிபி குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். அதனால் மைனஸ் 67-க்கும் மைனஸ் 73-க்கும் உள்ள வித்தியாசம் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் நாலில் ஒரு பங்குதான் வந்து சேருகிறது. நடக்கும்போது கதவுகளைச் சாத்திவிட்டு நடக்க வேண்டும். பகலில் திறந்து கிடக்கும் கதவு இரவில் சாத்தியிருக்கும், புகார் இரவில்தான் வரும். ஆளுயரக் கண்ணாடி, இரும்பு அலமாரி, மீன் தொட்டி, ஃப்ரிட்ஜ் இவற்றின் பின்னால் நின்றும் பார்த்தேன். கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான் என்பது அளவில் தெரிந்தது.

இடம் என்று வரும்போது எல்லோரும் முதலில் கைகாட்டுவது நடையின் நடுப்பகுதியை. கேபிள் கொண்டுபோக எளிது, யாருடைய அறையிலும் தொங்காது. ஆனால் நடையில் வைத்தால் அலை நடை முழுக்கத் தாராளமாக ஓடும், அறைகளுக்குள் சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். சாய்வாகப் போகும்போது சுவரின் தடிமன் கூடிவிடுகிறது. ஆட்கள் அதிகம் உட்காரும் பெரிய அறையின் கூரையே நல்லது என்று அளவு சொன்னது, அங்கேயே மாட்டினேன். இன்னொன்று: மூன்று தளத்திலும் ஒரே செங்குத்துக் கோட்டில் மாட்டவில்லை. கீழ்த்தளத்துக் கூரையில் இருப்பது முதல் தளத்தின் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. நேர் மேலே இன்னொன்று இருந்தால் இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். ஒவ்வொரு தளத்திலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்ததில் ஒன்றின் ஓட்டையை அடுத்தது அடைத்துவிட்டது.

கூரையா சுவரா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அது எதற்காகச் செய்த மாடல் என்று பாருங்கள். கூரையில் மாட்டும் வட்ட மாடல்கள் விரித்த குடை மாதிரி அலையைக் கீழேயும் பக்கவாட்டிலும் பரப்பும். அதையே சுவரில் மாட்டினால் குடையைச் சாய்த்துப் பிடித்த கதைதான். பக்கத்து அறைக்குப் போக வேண்டியது மேல் தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் போகும். சுவருக்கென்றே வரும் மாடல்களின் ஆன்டெனா வேறு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைத்தால் அழகாக இருக்கும் என்று அலுவலகத்தில் ஒரு யோசனை வந்தது. ஜிப்சம் பலகைக்கு மேலே என்றால்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஏசி குழாய், உலோகச் சட்டங்கள், கம்பிக் கட்டுகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். உலோகத் தகடு பதித்த சீலிங் என்றால் பேச்சே வேண்டாம்.

மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பின்தட்டைக் கூரையில் ஸ்க்ரூவால் இறுக்கி, கருவியை அதில் பொருத்தி, திருகினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் கூரைக்கு ஹேமர் டிரில் கட்டாயம், கண்ணாடி அணிந்துகொள்வது அதைவிடக் கட்டாயம். தலைக்கு மேல் துளையிடும்போது தூள் அத்தனையும் முகத்தில்தான் விழும். பிட் திடீரென்று மேலே போக மறுத்து வேறு சத்தம் எழுப்பினால் உள்ளே கம்பியில் முட்டுகிறது என்று பொருள். அடம் பிடிக்காமல் தட்டைக் கொஞ்சம் திருப்பி வேறு துளை போடலாம். ஃபால்ஸ் சீலிங்கில் வெறும் ஓட்டில் திருகினால் நாளடைவில் ஓடு தொய்யும். உலோகச் சட்டத்தைக் கவ்வும் கிளிப் பல மாடல்களோடு வருகிறது. இல்லையென்றால் ஓட்டுக்கு மேல்பக்கம் ஒரு பலகை வைத்துத் திருக வேண்டும். கழற்றுவதற்கு ஒரு சிறு பின்னையோ நாணயத்தையோ நுழைக்கும் துளை விளிம்பில் இருக்கும். அது எந்தப் பக்கம் என்று பார்த்து, ஏணி போட வசதியான பக்கத்துக்கு அந்தத் துளை வருமாறு தட்டைத் திருப்பி மாட்டுங்கள். அலமாரிக்கும் கூரைக்கும் இடையில் கையை விட்டுத் தடவும் வேலை மிச்சமாகும்.

கேபிள் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கட்டடம் எழுப்பியபோதே சுவருக்குள் பதித்த கன்ட்யூட் குழாயில் போட்டிருந்த ஒரு கேபிள் இருந்தது. புதிதாக இழுக்க வேண்டாமே என்று அதைச் சோதித்தபோது கம்பியின் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. இதில் டேட்டா ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் மின்தடை அதிகம். அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும்போது சூடாகும், தொலைவு கூடக் கூட வோல்டேஜ் விழும், மடித்த இடத்தில் ஒடியும். சுத்தச் செம்பில் கேட் 6 தர நெட்வொர்க் கேபிள் போட்டேன். கிகாபிட்டுக்குக் கேட் 5இ போதும். 2.5 கிகாபிட் கூட நல்ல 5இ-யில் ஓடும்படிதான் அந்தத் தரத்தை 2016-ல் வகுத்தார்கள். இருந்தாலும் ஒரு தடவை இழுத்தால் சுவருக்குள் பல வருடம் கிடக்கப்போவது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, மின்கம்பியோடு ஒட்டி நெடுக ஓடக் கூடாது, குறுக்கே கடந்தாக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கேபிள் இழுத்தேன். எலக்ட்ரீஷியன் "ஒண்ணு போதுமே சார்" என்றார். இரண்டாவது கேபிள் முதல் தளத்தில் ஒரு கேமராவுக்குப் போய்விட்டது, மற்றவை சுருட்டி மேலே காத்திருக்கின்றன. கருவிக்கு அருகே ஒரு முழ நீளத்தைச் சுருட்டி விட்டதும் கைகொடுத்தது. கிரிம்ப், அதாவது நுனியில் அழுத்திப் பொருத்திய பிளக், கெட்டால் வெட்டிவிட்டு வேறு போடலாம். ஒருநாள் மேல்தளத்தில் வேகம் 90 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இந்த எண்ணைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்: கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஏதோ ஒரு ஜோடி விட்டுப்போனதால், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் 100-க்கு இறங்கிவிட்டது. எட்டு விளக்கு எரியும் சாதாரண டெஸ்டர் ஏழாவது கம்பியைக் காட்டிக் கொடுத்தது. இணையம் தரும் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

மின்சாரம் அதே கேபிளில் போகிறது, பிஓஇ முறையில். 802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச் 15.4 வாட் அனுப்பும், கருவிக்கு 12.95 வாட் உறுதி. 802.3ஏடி-யில் 30 அனுப்பி 25.5 கிடைக்கும். மிச்சம் கேபிளிலேயே தேய்ந்துபோகலாம் என்று விட்டுவைத்த கணக்கு. இதில் பலர் கவனிக்காதது ஸ்விட்ச்சின் மொத்தக் கையிருப்பு. எட்டு போர்ட் இருக்கும், எட்டுக்கும் முழு வாட் கொடுக்கும் திராணி இருக்காது. புதிய ஆக்சஸ் பாயின்ட் சிலவற்றுக்குப் பழைய ஏஎஃப் போதாது. எரியும், ஆனால் சக்தியைக் குறைத்துக்கொண்டோ ஒரு ரேடியோவை அணைத்துக்கொண்டோ ஓடும். கேபிளில் மின்சாரம் ஏற்றும் பழைய 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர் கையில் இருந்தால் தனியாகப் பெயர் ஒட்டி வையுங்கள். அது எதிரே என்ன இருக்கிறது என்று கேட்காமலே மின்சாரத்தை அனுப்பிவிடும்.

பிஓஇ-யின் உண்மையான சுகம் மின்வெட்டின்போது தெரியும். ஸ்விட்ச்சும் ரவுட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால் மூன்று தளத்து வைஃபையும் அணையாது. கூரைக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வைத்து அடாப்டர் தொங்கவிட்டிருந்தால் இது நடக்காது. ஏணி ஏறாமல், கீழிருந்தே அந்த போர்ட்டை மட்டும் அணைத்துப் போட்டு ரீஸ்டார்ட் செய்யவும் முடிகிறது.

அமைப்பில் நான் மாற்றியவை கொஞ்சமே. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். மூன்று தளம், மூன்று சேனல், கணக்கு சரியாகப் போயிற்று. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் அகலத்தை 80-லிருந்து 40-க்குக் குறைத்தேன். ஸ்பீட் டெஸ்டில் எண் குறைந்தது, மாலை நேரத்து வீடியோ கால் மேம்பட்டது. அந்தப் பட்டையில் சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. ரேடார் சமிக்ஞை கேட்டால் ஆக்சஸ் பாயின்ட் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அத்தகைய சேனலில் புதிதாக ஏற வேண்டுமானாலும் குறைந்தது ஒரு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். காரணமே இல்லாமல் வைஃபை காணாமல் போய்த் திரும்புகிறது என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

சக்தியைக் குறைத்தேன் என்றால் கேட்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். ஆக்சஸ் பாயின்ட் எவ்வளவு கத்தினாலும் போனின் குரல் சின்னதுதான், பதில் வந்து சேர வேண்டாமா? மேலும், கீழ்த்தளத்து ஆக்சஸ் பாயின்ட் பலமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் மாடி ஏறிய போன் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். எப்போது எதற்கு மாறுவது என்பது போனின் முடிவு. 802.11கே, வி என்ற வைஃபை வசதிகள் அதற்கு யோசனை சொல்லும், கட்டாயப்படுத்தாது. மாறுவதை வேகப்படுத்தும் 802.11ஆர் இயக்கியதும் பழைய பிரின்டர் இணைய மறுத்தது. அந்த மாதிரி கருவிகளுக்கு 2.4-ல் தனிப் பெயர் கொடுத்துவிட்டேன். பெயர்களைப் பெருக்கிக்கொண்டே போவதும் நல்லதல்ல, ஒவ்வொரு பெயரும் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை தன்னை அறிவித்துக்கொண்டிருக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கையை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அது இயல்பு. தூசியைத் துடைக்கிறேன். படுக்கை அறைக்கு வெளியே இருப்பதன் நீல விளக்கை அமைப்பில் போய் அணைத்துவிட்டேன். கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதிய பதிப்பை வந்த அன்றே போடுவதில்லை. முதலில் ஒரு தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவை. சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் கருவிக்கும் சேர்த்து அடிக்க ஆயத்தமானார்கள். திருகிக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மாட்டினேன். உலோகத் துகள் கலந்த பெயின்ட் என்றால் ஆன்டெனாவுக்கு மூடி போட்ட மாதிரி ஆகியிருக்கும்.

எரிச்சல் என்றால் இரண்டு. ஒன்று, சில வசதிகளுக்கு ஆப்பும் அதற்கொரு கணக்கும் கேட்கிறது. கூரையில் தொங்கும் பொருளுக்கு லாகின் எதற்கு என்று இன்னமும் புரியவில்லை. இரண்டாவது, பின்தட்டின் துளைகள் மாடலுக்கு மாடல் மாறுகின்றன. கீழ்த்தளத்தில் வைஃபை 6-க்கு மாறியபோது கேபிள் அப்படியே பொருந்தியது, தட்டு பொருந்தவில்லை. பழைய துளைகளைப் புட்டி வைத்து அடைத்து, பக்கத்திலேயே புதிதாகத் துளை போட்டேன். புதியதன் விளிம்பு அந்தப் புட்டியை மறைத்துவிடுகிறது. மற்ற இரண்டு தளங்களில் பழையவையே ஓடுகின்றன. அவற்றை மாற்றும் அவசரம் இதுவரை வரவில்லை.