டிரா ஷீட்டா, ஸ்லைடு ஷீட்டா: படுக்கையில் இருப்பவரைப் புரட்ட எது தோது?

பக்கவாதத்தால் இடதுபக்கம் செயலிழந்த மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். புரட்டிப் படுக்கவைக்க, அடியில் விரிக்கும் காட்டன் துணியான டிரா ஷீட், வழுக்கும் துணியான ஸ்லைடு ஷீட் இரண்டையும் பயன்படுத்தினோம். எங்களிடம் நிலைத்தது டிரா ஷீட்தான்.

ஏர் பெட் வாங்கினால் புரட்டவே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பம்ப் மாறி மாறிக் காற்றடைத்து அழுத்தத்தைக் குறைக்கும். புரட்டுவது அதிலும் தொடர வேண்டும். வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பார்கள். படுக்கைப்புண் வரப்போவதைக் காட்டும் சிவப்பு நம் நிறத் தோலில் சட்டென்று தெரியாது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் பக்கம் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் நர்ஸிடம் காட்டுங்கள்.

ஸ்லைடு ஷீட் வழுவழுப்பான நைலான் துணி. சாப்பாட்டுக்காகத் தலைப்பக்கம் உயர்த்தியபின் ஆள் கீழே சரிந்துவிடுவார் இல்லையா, அப்போது மேலே நகர்த்த இதற்கு ஈடில்லை. தோல் உராயாது, நமக்கும் முதுகு பிடிக்காது. இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

டிரா ஷீட் என்பது காட்டன் பெட்ஷீட்டை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை குறுக்கே விரிப்பதுதான். எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: அது எப்போதும் அடியிலேயே கிடக்கும். ஸ்லைடு ஷீட்டை வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். விட்டுவைத்தால் ஆள் வழுக்கி விழும் ஆபத்து உண்டு. நுழைக்க ஒரு புரட்டல், எடுக்க இன்னொரு அலைச்சல். ராத்திரி 2 மணிக்குத் தனியாக எழுந்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

டிரா ஷீட்டில் ஒருவரே செய்யலாம். வலப்பக்கம் திருப்ப வேண்டுமா? முதலில் இடப்பக்கம் நின்று, துணியை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பியதும் கட்டில் ஓரத்துக்கு வந்துவிடுவார். கட்டிலின் இடப்பக்கத் தடுப்புக் கம்பியை ஏற்றிவிட்டு வலப்பக்கம் வந்து, வலக்கையைச் சற்று விலக்கி, இடக்கையை மார்பின்மேல் வைத்து, இடது முழங்காலை மடக்கி, துணியின் எதிர் ஓரத்தை நம்மை நோக்கி இழுத்தால் உடம்பு மொத்தமாகத் திரும்பும். செயலிழந்த கையையோ அக்குளையோ பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். யூரின் டியூப் இருந்தால் அது அடியில் சிக்கவில்லையே என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுக்கப் பக்கவாட்டில் படுத்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்தினால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. அப்புறம் துணியில் சுருக்கம் இல்லாமல் நீவிவிட வேண்டும்.

துவைப்பது கூடுதல் வேலைதான். மழைக்காலத்தில் காட்டன் காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நைலான் சீக்கிரம் உலரும்.

மாமியார் மெலிந்த உடம்பு. கனமானவரைத் தனியாள் இப்படித் திருப்ப முடியுமா என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே இன்னொரு ஆளைக் கூப்பிடுவதே நல்லது. முதுகெலும்பில் அடிபட்டவருக்கோ இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கோ இந்த முறை அப்படியே பொருந்தாது. பிசியோதெரபிஸ்டை வரவழைத்து, அவர் கையால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.