சின்ன ஏரியில் தூண்டில்: கரையோரமா, நடு ஆழமா?

கோடையில் எல்லோரும் ஆழத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே குளிர்ச்சி, பெரிய மீன் என்று கணக்கு. பாதிதான் சரி. வெயிலில் மேல்நீர் சூடாகி லேசாகிவிடும். அடிநீர் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். இரண்டும் எளிதில் கலக்காது. அடியில் மக்கும் இலைதழை இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிட, மீன் அங்கே தங்காது. புழுவைத் தரைவரை இறக்கினால் மணிக்கணக்கில் தக்கை அசையாது. பாதி ஆழத்தில் நிறுத்திப் பாருங்கள்.

கரையோரம் வேறு கதை. மாலையில் பாசி இடுக்கில் 'சொளக்' என்று சத்தம், வளையம் விரியும்: பொடிமீனைத் துரத்தி வந்த பெரியது. விடிகாலையும் நல்ல நேரம்தான். ஆனால் பாசி மண்டிய ஏரியில் இரவெல்லாம் செடிகளும் சுவாசிப்பதால் விடியும்போது ஆக்சிஜன் குறைந்திருக்கும். மீன்கள் வாய் பிளந்து மேலே வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். மற்றபடி என் ஓட்டு கரைக்கே, முள் அடிக்கடி சிக்கினாலும்.