திருப்பூர் வெயிலில் ஒரு சின்சில்லா: கினி பிக்கும் சேர்த்து வளர்த்த அனுபவம்

சின்சில்லா என்ற, அடர்ந்த ரோமமும் பெரிய காதும் உள்ள எலி இனப் பிராணியை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தும் நாளில் அதை எங்கே வைப்பீர்கள்? பதில் இல்லையென்றால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

எங்கள் வீட்டில் கினி பிக் (பெயர்தான் பிக், இதுவும் கொறிக்கும் பிராணிதான்) வந்து பல வருசம் ஆகிறது. சின்சில்லா பிறகு வந்தது. பெங்களூரில் வளர்த்த உறவினர் ஒருவர் வெளிநாடு கிளம்பும்போது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனார். இரண்டுக்கும் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைதான். ஆனால் கினி பிக்கை அங்குள்ளவர்கள் பல ஆயிரம் வருசமாக, நாம் கோழி வளர்ப்பதுபோல, கறிக்காக வீட்டிலேயே வளர்த்து வந்திருக்கிறார்கள். மனித வாடை அதற்குப் பழக்கம். சின்சில்லாவை ரோமத்துக்காக வேட்டையாடியே அழிக்கப் பார்த்தார்கள். மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923இல் 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று கூண்டுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வம்சம்தான். நூறு வருசப் பழக்கம் எம்மாத்திரம்? கையில் தூக்கினால் நெளியும். அழுத்திப் பிடித்தால் அந்த இடத்து ரோமத்தைக் கொத்தாக உதிர்த்துவிட்டு ஓடும். பிடித்தவரிடமிருந்து தப்பிக்க அதற்கு வாய்த்த வழி அது.

அந்த ரோமம்தான் நம் ஊரில் அதற்கு வினை. ஒரே மயிர்க்காலிலிருந்து அறுபது முடிவரை முளைக்கும். வியர்க்காது. நாய்போல நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கவும் தெரியாது. உடம்புச் சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற வேண்டும். காது சிவந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அறை 20 டிகிரி வாக்கில் இருந்தால் சுகம், 25ஐத் தாண்டினால் கவலை. சித்திரையில் திருப்பூர் எவ்வளவு காயும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வியர்க்காத பிராணிக்கு ஃபேன் போட்டுப் பெரிய பிரயோசனம் இல்லை. ஏர் கூலர் அதைவிட மோசம், அறையில் ஈரத்தை ஏற்றிவிடும். சின்சில்லா வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலை, அதோடு ஈரப்பத சதவீதம், இரண்டையும் கூட்டினால் 150க்குள் இருக்க வேண்டும். ஆக ஏசிதான் வழி. பங்குனியிலிருந்து வைகாசிவரை பகல் முழுக்க ஓடும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண ஸ்லாபே மாறிவிடும் என்பது இந்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் மனப்பாடம். "ஏங்கண்ணு, நாங்கெல்லாம் திண்ணையில படுத்து வளந்தோம், எலிக்கு ஏசியா?" என்று அமுச்சி (பாட்டி) கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

இன்வெர்ட்டரில் எங்கள் ஏசி ஓடாது. கரண்ட் நிறுத்தும் நாளில், பக்கத்துத் தெரு பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் இருப்பதால், சின்னக் கூண்டில் வைத்து அவர்கள் ஆபீஸ் ரூமில் விட்டுவிட்டு வருவேன். "அந்தக் காது பெருத்த முயலு இன்னைக்கு வருதுங்களா?" என்று அங்கே விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டது. சட்டென்று கரண்ட் போனால் துணி சுற்றிய ஐஸ் பாட்டிலும் ஒரு கிரானைட் பலகையும் கொஞ்ச நேரம் தாங்கும். கிரானைட் துண்டு கல் கடையில் சல்லிசாகக் கிடைக்கும்; அதன்மேல் தானாகவே போய் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் தெளிக்கக் கூடாது. நனைந்த ரோமம் லேசில் காயாது.

குளியல் மண்ணில்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, பத்து நிமிசம், எரிமலைச் சாம்பல்போல நைசாக இருக்கும் தூளில் புரளும். ஆற்று மணல் உதவாது, முகப் பவுடர் கூடவே கூடாது. அறை முழுக்கத் தூசி கிளம்பும், வீசிங் உள்ளவர்கள் வீட்டில் யோசிக்க வேண்டிய விசயம். மற்றபடி நாற்றமே இல்லை, புழுக்கையும் உலர்ந்ததுதான். இந்த ஒரு விசயத்தில் கினி பிக் பக்கத்தில்கூட வர முடியாது.

கினி பிக் மூத்திரம் நிறையப் போகும், வாடை அடிக்கும். கூண்டுத் துணியை அன்றாடம் மாற்றியாக வேண்டும். திருப்பூரில் அது சிரமமே இல்லை: கட்டிங் வேஸ்டில் வரும் ஃப்லீஸ் துண்டுகளை இரண்டடுக்காக ஓரம் அடித்து விரித்தால் போதும். நூல் பிரிந்து தொங்கக் கூடாது, காலில் சுற்றி இறுக்கிவிடும். சின்சில்லாவுக்கு இந்த யோசனை ஆகாது. எது கிடைத்தாலும் கடிக்கிற ஜென்மம், துணியைத் தின்று குடலை அடைத்துக்கொள்ளும்.

தீனியில் இரண்டுக்கும் அடிப்படை காய்ந்த புல்தான். வாழ்நாள் முழுக்க வளரும் பல் அதில்தான் தேய வேண்டும். வெளிநாட்டுத் திமோத்திப் புல் விலை அதிகம். காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்லைக் காயவைத்துக் கொடுத்தேன். கினி பிக்குகள் வெளுத்துக் கட்டின. சின்சில்லாவுக்குத் திமோத்தியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டியிருந்தது. குதிரைமசால் என்ற தீவனப் பயிர் சுலபமாகக் கிடைக்கிறதே என்று தினமும் போடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்ந்த கினி பிக்குக்கு மூத்திரப்பையில் கல் வரும். குட்டிக்கும் சினைக்கும் சரி. கினி பிக் உடம்பு நம் உடம்பு மாதிரி, வைட்டமின் சி தானாகத் தயாரிக்காது. தினமும் ஒரு துண்டு கொய்யா அல்லது குடைமிளகாய் கொடுத்துவிடுகிறேன். சின்சில்லாவுக்குப் பழமே வேண்டாம், இனிப்பு அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

குணத்தைச் சொல்வதென்றால், கொத்தமல்லிக் கட்டு வாங்கி வந்த பை சலசலத்தாலே கினி பிக்குகள் வீடு அதிரக் கத்தும். பிள்ளைகள் மடியில் உட்காரும். சின்சில்லா பகலெல்லாம் தூங்கி, நாம் படுக்கும் நேரத்துக்கு எழுந்து ஆளுயரத்துக்குத் தாவும். அது தாவுவதைப் பார்க்க எனக்குச் சலித்ததே இல்லை. மார்கழி ராத்திரியில் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டால் அதன் ஆட்டமே தனி. ஆனால் தொட்டுக் கொஞ்ச விரும்பும் குழந்தைக்கு ஏமாற்றம்தான். ஆயுளும் பத்திலிருந்து இருபது வருசம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்கினால், அந்தப் பிள்ளை கல்யாணமாகிப் போனபிறகும் நீங்கள்தான் ஏசி போட வேண்டும். கினி பிக் ஐந்து முதல் எட்டு வருசம்.

வைத்தியத்தில் ஒன்று மட்டும்: அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாக இரண்டுக்குமே கொடுக்கக் கூடாது. குடலின் நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் என்ன பிராணி என்பதைச் சொல்லி, மருந்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்துக்குக் கினி பிக்தான் ஒத்துவரும். அதற்கும் தகர ஷீட் கொட்டகை ஆகாது, வெயில் தாங்காமல் செத்துவிடும். கீழ்த்தளத்தில் நிழலான அறையும் ஃபேனும் வேண்டும். தனியாக வளர்க்காமல் இரண்டு பொட்டையாக வாங்குங்கள். எனக்கு இரண்டும் பொட்டை என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, கண் திறந்து, முடியோடு மூன்று குட்டிகள் கூண்டுக்குள் ஓடின. கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள். குட்டி போட்டுவிட்டால், ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரித்துவிடுங்கள்.