பை நெறைய கத்தி, அடிக்கத்தான் மனசு வரல: ப்ரெத் ஆஃப் தி வைல்ட் அனுபவம்

ஸெல்டாங்கற வீடியோ கேம் சீரிஸ்ல ப்ரெத் ஆஃப் தி வைல்ட் வந்தது 2017 மார்ச். நான் வாங்குனது 2018 கடைசில, இதுவரைக்கும் 300 மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கு. இவ்ளோ நாள் கழிச்சு என்ன ரிவியூன்னு கேக்கலாம், ஆனா வாங்குன முதல் மாசமே எழுதியிருந்தா திட்டித்தான் எழுதியிருப்பேன்.

தெரியாதவங்களுக்கு: 1986ல ஜப்பான்ல மியாமோட்டோவும் டெசுகாவும் ஆரம்பிச்சு வெச்ச சீரிஸ் இது. ஸெல்டாங்கறது இளவரசி பேரு, பச்சை சட்டைக்காரன் பேரு லிங்க் (இதுல அவன் சட்டை நீலம்). 100 வருஷம் தூங்கி எழுந்திரிக்கறான், பழசு ஒண்ணும் ஞாபகம் இல்ல, ஹைரூல் நாடே பாழடைஞ்சு கெடக்கு, கோட்டைக்குள்ள கேனான்ங்கற அரக்கனை இளவரசி ஒத்தையா அடக்கி வெச்சிருக்கா. கதை அவ்ளோதான். ஆரம்பத்துல கிரேட் பிளாட்டோங்கற மேட்டுல நாலு ஷ்ரைன் (புதிர் அறை) முடிச்சு, அங்க இருக்கற ஒரு பெருசுகிட்ட காத்துல மெதக்கற பாராகிளைடர் வாங்கிட்டா நேரா கோட்டைக்கே போலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. போன வேகத்துல செத்துருவோம், அது வேற விஷயம்.

என் கடுப்பு என்னன்னா ஆயுதம் ஒடையறது. ஒரு நல்ல கத்தி கெடைக்கும், ஒரு சண்டை ரெண்டு சண்டை, அப்பறம் பளிச்சுனு செதறிப்போயிடும். நான் எப்படிப்பட்ட வீட்டுல வளந்தேன்னா, புதுப் போர்வை பீரோலயே மடிச்சு இருக்கும், விருந்தாளி வந்தா எடுக்கலாம்னு, விருந்தாளியும் வருவாங்க போவாங்க, போர்வை மட்டும் வெளிய வராது. அதே புத்திதான் இங்கயும். ராயல் கிளேமோர்ங்கற பெரிய கத்தி கெடைச்சா பைக்குள்ள, கையில மரக்கட்டையும் போகோப்ளின்ங்கற சில்லறை எதிரி கிட்ட புடுங்குன எலும்பு தடியும். வெள்ளை பிடரி லைனல் (பாதி சிங்கம் பாதி குதிரை மாதிரி ஒரு முரட்டு எதிரி) ஒண்ண முக்கா மணி நேரம் செத்து செத்து பொழச்சு கொன்னு, 78 அட்டாக் இருக்கற சாவேஜ் லைனல் க்ரஷர்ங்கற பெரிய தடிய எடுத்தேன், அத வருஷக்கணக்கா ஒரு தடவை கூட வீசல. பை பத்தலைன்னு ஹெஸ்டுங்கற மரப் பூதத்துகிட்ட அங்கங்க ஒளிஞ்சிருக்கற கோரோக் விதைய குடுத்து பெருசு பண்ணேன், ஸ்லாட்டுக்கு 1, 2, 3, 5, 8னு வெலை ஏறிட்டே போவும். மேப்ல மொத்தம் 900 விதை இருக்கு, எல்லா பையையும் முழுசா பெருசாக்க 441 போதும். 900ஐயும் தேடி எடுத்தா என்ன தருவாங்கங்கறது தெரியும், அதனாலயே நான் தேடல.

அதுவும் பத்தாம ஹாடெனோ கிராமத்துல வீடு வாங்குனேன், 3000 ரூபியும் (கேம்ல அதான் காசு) 30 கட்டு வெறகும். எதுக்கு? சுவத்துல கத்தி மாட்ட.

அக்கா பையன் லீவுக்கு வந்து இதப் பாத்துட்டு கேட்டான், "மாமா, இவ்ளோ நல்ல கத்திய வெச்சுட்டு ஏன் கட்டையால அடிக்கற?"

"அப்பறம் தேவப்படும்டா."

"அப்பறம்னா எப்ப?"

பதில் இல்ல. அவன் தனி ப்ரொஃபைல்ல ஆரம்பிச்சு கெடைச்சதெல்லாம் அடிச்சு ஒடச்சு ஒரே வாரத்துல என்னவிட தூரம் போயிட்டான். அப்பறந்தான் இந்த கேம் எப்படி ஓடுதுன்னே எனக்கு புரிஞ்சுது. நாம எந்த எதிரிய எத்தன கொல்றோம்னு உள்ளுக்குள்ள கணக்கு ஓடும், அது ஏற ஏற எதிரியும் கெட்டியாவான், அவன் கையில இருக்கற ஆயுதமும் நல்லதா மாறும், நடுவுல ரத்த நிலா வந்து செத்தவன் எல்லாத்தையும் எழுப்பி விட்டுடும். அதாவது கத்திக்கு பஞ்சமே கெடையாது, நான்தான் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி நடந்துட்டு இருந்திருக்கேன்.

கையில ஒண்ணும் இல்லாதப்பதான் இந்த கேம் அழகு. தென்கிழக்கு மூலையில கடலுக்குள்ள ஈவன்டைட்னு ஒரு தீவு, கால் வெச்ச ஒடனே பை, துணி எல்லாத்தையும் புடுங்கிடுவான், மூணு உருண்டைய அதது மேடையில வெச்சாதான் திரும்ப வரும். அன்னிக்கு ராத்திரி எனக்கு வயித்தெரிச்சல், ஆனா யோசிச்சு யோசிச்சு ஆடுன ஒரே ராத்திரியும் அதான். புல்லுல தீ வெச்சா காத்து மேல கெளம்பும், அதுல பாராகிளைடர் விரிச்சு ஏறி மேலேந்து அம்பு விடலாம். மாக்னெசிஸ்ங்கற காந்த சக்தியால இரும்புப் பெட்டியத் தூக்கி மண்டையில போடலாம். இடி மழையில நம்ம கையில இரும்பு இருந்தா பொறி பறக்கும், அத எதிரி கூட்டத்துக்கு நடுவுல வீசிட்டு ஓடுனா இடி அவங்க தலையில. இதெல்லாம் யாரும் சொல்லித்தரல, அங்கங்க மாட்டிக்கிட்டு கத்துக்கிட்டது.

மழை மட்டும் இன்னிக்கும் புடிக்கல. பாறைல முக்காவாசி ஏறியிருப்போம், தூற ஆரம்பிக்கும், சர்ர்னு வழுக்கும், ஸ்டாமினா போயிடும். பாறைக்கு அடியில தீ மூட்டி விடியற வரைக்கும் ஒக்காரலாம்னு சொல்றாங்க, ஒக்காந்து பாத்தேன், விடிஞ்சும் மழை.

சமையல் தனி சந்தோஷம். கோரோன் ஊர்ல மசாலா விக்கறாங்க, அரிசியோட போட்டா கறி சோறு. ஃபரோன் டவர் பக்கத்து மேட்டுல டுரியன் காய்ச்சு தொங்கும், அதுல அஞ்ச சட்டில போட்டா ஹார்ட் முழுசா நெறைஞ்சு மேல மஞ்சள் ஹார்ட் வேற. மியூசிக் பத்தி ரெண்டு கருத்து இருக்கு, எனக்கு அந்த நாலு பியானோ கட்டையும் பாக்கி நேரம் வெறும் காத்து சத்தமும் போதும். டிவைன் பீஸ்ட்ங்கற ராட்சச மிருக மெஷின் நாலும் வெளிய பாக்க பிரமாண்டம், உள்ள போனா நாலும் அண்ணன் தம்பி மாதிரி, பழைய பார்ட்ல இருந்த டஞ்சன் (புதிரும் சண்டையும் நெறைஞ்ச பெரிய கட்டடம்) ருசி இல்ல. கோரோக் காட்டுக்குள்ள போனா கேம் திக்கித் திக்கி ஓடும்.

2023ல வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்ல ஆயுதத்தோட எதையாவது ஒட்டிக்கலாம், ஒடையற கடுப்பு கொஞ்சம் கொறைவு. ஆனா எதையோ கட்டிட்டே இருக்கணும், எனக்கு நடக்கறதுதான் புடிக்கும், அதனால இங்கயே திரும்பி வந்துட்டேன்.

போன தீபாவளி லீவுல ஒரு வழியா கோட்டைக்கு போனேன். பை நெறைய கத்தி, பத்து டுரியன் சட்டி. நாலு பீஸ்ட்டும் முடிச்சுட்டு போனதால ஆரம்பத்துலயே கேனானுக்கு பாதி உயிர் போச்சு. மிச்சத்துக்கு க்ரஷரை எடுத்தேன், என்ன அடி, இத்தன வருஷம் இத வெச்சுக்கிட்டா சும்மா இருந்தேன்னு இருந்துச்சு, ரெண்டாவது ரவுண்டுல அது ஒடஞ்சுது, அடுத்தது கிளேமோர், அதுவும். அப்பறம் வெளிய மைதானத்துல பெரிய பன்னி உருவத்துல வந்து நிக்கறான், அதுக்கு ஸெல்டாவே ஒளி வில்ல குடுத்துடறா, நம்ம பையில இருக்கற எதுவும் தேவயில்ல.

படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடி, சேவ்ல ஒரு நட்சத்திரம் வந்துச்சு. லோட் பண்ணா சண்டைக்கு முன்னாடி கொண்டாந்து விட்டுடுச்சு. க்ரஷர், கிளேமோர், டுரியன் சட்டி எல்லாம் ஒண்ணு கொறையாம பையில. அக்கா பையனுக்கு ஃபோட்டோ அனுப்புனேன். "இப்பவாவது அடிப்பியா மாமா?"ன்னு கேட்டான்.

க்ரஷர் இப்ப ஹாடெனோ வீட்டு சுவத்துல இருக்கு.